அரை உயரக் கார்டு

உத்திரமேரூர்
24.8.2025

அன்புள்ள மகன் ஜெகனுக்கு, நைனா எழுதுவது.

முதலில் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். வரி நேராகத்தான் ஆரம்பிக்கிறது, பாதி தாண்டியதும் கீழே சரிகிறது. நெல் மண்டியில் மூட்டை தூக்கியே காலம் போன கைக்குப் பேனாவின் எடை பிடிபடவில்லை. அழுத்தினால் தாள் கிழிகிறது. லேசாகப் பிடித்தால் பேனா தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. 'ழ' மட்டும் அழகாக வருகிறது என்று பிரிஸ்கில்லா டீச்சரே சொன்னார். வாயில் வராத எழுத்து எனக்குக் கையில் வருகிறது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரும் சொல்லச் சொல்ல எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு என்று போனில் சொன்னபோது நீ விளையாட்டு என்று நினைத்தாய். இப்போது கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சுவர் விளம்பரம் ஒன்றையும் விடுவதில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸின் போர்டை முழுசாகப் படித்தேன். கடைசி எழுத்தை முடித்து நிமிர்ந்தால் பஸ் ஏரிக்கரை திரும்பிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். அதன் போர்டையும் படித்தேன்.

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டுமாம். கேட்டுவிட்டேன்.

போனிலேயே பேசலாமே என்பாய். போன் பண்ணினால் "கடையில ஆள் கீது நைனா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் என் மருமகள் கல்பனாவின் கம்ப்யூட்டர். ஏதோ ஆபீஸில் உழைத்து ஓய்ந்த பெட்டி என்று சல்லிசாக வாங்கி வந்தாயே, மண்டி கல்லாப்பெட்டி அளவுக்கு இருக்குமே, அதேதான். அதில்தான் அவள் கல்யாண வீடியோ எல்லாம் வெட்டி ஒட்டுகிறாள். செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரர் புருஷோத்தமன் வேலை கொடுக்கிறார். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது அல்லவா, ஆவணியில் எடுத்ததை எல்லாம் அப்போதுதான் உட்கார்ந்து முடிப்பார்கள். இந்த வருஷம் அவர் புது கேமரா வாங்கிவிட்டார். அதில் எடுத்த படம் கனமாம். பெட்டி மூச்சு வாங்குகிறது. முக்கால் பாகம் வந்து நின்றுவிடுகிறது. கல்பனா மறுபடி முதலிலிருந்து ஓடவிடுகிறாள்.

புருஷோத்தமன் வந்தார். "இந்தப் பொட்டிய வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ? செங்கல்பட்டுக்கே வந்துடு. பெரிய மெஷின் கீது, எங்க அக்கா வூட்டு மாடியில ரூமும் கீது. ஆயுத பூஜைக்கு அப்பால வர ஞாயித்துக்கெயம வரிக்கும் பாக்கறேன். ஒரே ஒரு புதுப் படத்த இங்கேர்ந்தே முடிச்சிக் குடு, வருசம் பூரா வேலைய உன் வூட்டுக்கே அனுப்பறேன். இல்லன்னா கௌம்பு" என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் தப்பில்லை.

கல்பனா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு இருக்கிற பயத்தை எழுதிவிடுகிறேன். நீ கேமரா பிடித்தாய், அவள் வெட்டினாள். பார்த்தவர்கள் எல்லாரும் "அக்கா வெட்டினதா, ஜோரா கீது" என்றார்கள். யார் பிடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தை மாசம் கழிந்ததும் நீ நம் ஸ்டுடியோ ஷட்டரை இறக்கிவிட்டுச் சென்னைக்குப் போனாய். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்கு நான் இன்னும் நிறைய படிக்க வேண்டும். ஆனால் அவளும் செங்கல்பட்டுக்குப் போய் அங்கே நிலைத்துவிட்டால், நீங்கள் இரண்டு பேரும் மறுபடி ஒரு கூரைக்குள் வருவது நடக்காது.

பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று போட்டால் இங்கேயே முடித்துவிடலாமாம். எதைப் போடுவது? நீ இருப்பது கம்ப்யூட்டர் கடை. "அவர கேக்க வேணாம் மாமா" என்றாள். நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் நைனா
வேதகிரி


சிந்தாதிரிப்பேட்டை, சென்னை
30.8.2025

அன்புள்ள நைனாவுக்கு, ஜெகன் எழுதியது.

உங்கள் கடிதம் கடைக்கு வந்தது. உறையைப் பார்த்துவிட்டு யாரோ பிள்ளைகள் எழுதியது என்று நினைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியில் நீங்கள் என்று தெரிந்தது. பக்கத்து மேஜையில் போர்டு ரிப்பேர் செய்கிற டேனியல் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னாபா, உங்க நைனா என்னவிட நல்லா எயுதறாரு" என்றான். சந்தோஷம் நைனா.

கார்டு விஷயம். அந்தப் பெட்டி ரொம்பச் சின்னது. கடைகளில் காட்டுகிற பெரிய கார்டு எதுவும் அதில் நுழையாது. கார்டிலேயே உயரம் குறைந்தது என்று ஒரு வகை உண்டு, அதுதான் பொருந்தும். அதிலும் ரொம்பச் சின்னதாக 1030 என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கல்யாண வீடியோ வெட்டுவதற்கு இதுவே அதிகம். கடையில் ஒன்று சும்மா கிடக்கிறது, நானே அனுப்பிவிடுகிறேன்.

மழை வந்தால் பின்பக்க ஓட்டை நீங்கள் ஏறிப் பார்க்காதீர்கள். யாரையாவது கூப்பிடுங்கள்.

உங்கள் மகன்
ஜெகன்


உத்திரமேரூர்
7.9.2025

அன்புள்ள ஜெகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு வந்த முதல் கடிதம். பிரித்து நானே படித்தேன். உன் எழுத்து எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. எங்கள் டீச்சர் பார்த்தால் விடமாட்டார்.

சத்தமாகத்தான் எனக்குப் படிக்க வரும். கல்பனா அரிசி களைந்துகொண்டிருந்தாள். 'கல்யாண வீடியோ வெட்டுவதற்கு இதுவே அதிகம்' என்ற இடத்தில் களைகிற சத்தம் நின்றது.

"இன்னொரு தபா படிங்க மாமா."

படித்தேன்.

"எதுக்கு அதிகமாம்?"

"கல்யாண வீடியோவுக்கு."

"சரி."

சோறு வடித்து, கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "மாமா, அவரு சொன்ன கார்டு படத்தக் காட்டும். படத்தச் செய்யாது. வெட்டி ஒட்டினத ஒரே படமா வெளிய எடுக்கணுமில்ல, அந்த வேலைக்குன்னு கார்டுக்குள்ள தனியா ஒரு பாகம் வேணும். அவரு சொன்னதுல அது கெடையாது. கடையில கீற ஆளுக்கு இது தெரியாமலா கீது? இவளுக்கு இது போதும்னு நெனச்சிட்டாரு. அவ்ளோதான்." கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

நாங்களே பார்க்கலாம் என்று காஞ்சிபுரம் போனோம். ஒரு கடையில் கண்ணாடிக்குள் ஒரு கார்டு வைத்திருந்தான். எவ்வளவு அழகு! மூன்று காத்தாடி, விளக்கெல்லாம் எரிகிறது. கதிர் அடிக்கிற மெஷினைச் சின்னதாகச் செய்ததுபோல இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், நல்ல எடை. எடை இருந்தால் சரக்கு இருக்கும் என்பது மண்டிப் புத்தி. "இதையே வாங்கும்மா" என்றேன். கடைக்காரப் பையன் சிரித்தான். கல்பனா, "அதுக்குள்ள நம்ம பொட்டிய வெக்கலாம் மாமா, பொட்டிக்குள்ள அத வெக்க முடியாது" என்றாள். வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். போர்டு படிக்க எனக்கும் மனம் வரவில்லை.

ஜெகன், அவள் வேலை செய்யும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? நான் தினமும் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தீரவில்லை. நாலு மணி நேரக் கூட்டத்தையும் சத்தத்தையும் கொட்டிப் பரப்பி, அதில் பதர் எது மணி எது என்று பார்க்கிறாள். நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கிற இடத்தில் வெட்டுகிறாள். "ஏம்மா அங்க?" என்றேன். "கேக்கறவங்களும் அங்கதான் மாமா மூச்சு உடுவாங்க" என்றாள். அன்றிலிருந்து கோயில் நாதஸ்வரத்தை நான் வேறு மாதிரி கேட்கிறேன்.

இந்த உறையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. நான் கேட்கவில்லை. எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அவளே கொண்டுவந்து தாள் மேல் வைத்தாள். "அனுப்பறதுன்னா இதையும் வெச்சி அனுப்புங்க" என்றாள். தை மாசம் தாமலில் நீ பிடித்தாயே, அந்தக் கல்யாணம். வெட்டி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். நீ அதை முழுசாகப் பார்த்ததில்லை.

முதலில் பார். பிறகு கார்டு சொல்.

உன் நைனா
வேதகிரி


சென்னை
14.9.2025

அன்புள்ள நைனாவுக்கு,

பார்த்தேன்.

கடையில் பெரிய திரையில் போட்டேன். டேனியல் கையில் இருந்த, ஈயம் வைக்கிற சூட்டுக்கோலை அணைத்துவிட்டு வந்து நின்றான். வாடிக்கைக்கு வந்த இரண்டு பேர் நின்றார்கள். முதலாளி மட்டும், "இன்னாபா, கடையா கல்யாண மண்டபமா?" என்றார். பிறகு அவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தாலி கட்டுகிற இடம் வந்தது. நானும் எத்தனையோ தாலி பிடித்திருக்கிறேன். மேளம், பூ, கூட்டம், அவ்வளவுதான். இதில் மேளத்தை அப்படியே அடக்கிவிட்டு, பெண்ணின் அப்பாவைக் காட்டுகிறாள். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அந்த மனிதர் தனியாக வந்து, பெண் உட்கார்ந்திருந்த மணையை எடுத்து, தோள் துண்டால் துடைத்து, சுவரோரம் பதமாகச் சாத்தி வைக்கிறார். பிறகுதான் மேளம் கேட்கிறது. எங்கிருந்து வந்தது இது, நான் எடுக்கவே இல்லையே என்று யோசித்தேன். எடுத்திருக்கிறேன் நைனா. கேமராவை நிறுத்த மறந்து மேடை ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன். நான் குப்பை என்று நினைத்திருக்கக்கூடிய இடத்தை எல்லாம் அவள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

வாடிக்கையாளர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேமரா யாருங்க?" என்று கேட்டார். பல வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஆனால், "வெட்டினது என் சம்சாரம்" என்றுதான் வாயில் வந்தது.

போன கடிதத்தில் எழுதிய கார்டை அடித்துவிடுங்கள். அவள் சொன்னது சரி, அதில் அந்தப் பாகம் கிடையாது. எனக்குத் தெரியும்.

அவளுக்குத் தேவை 3050 என்பது, ஆறு ஜிபி உள்ளது. அரை உயரத்தில் வருவதை மட்டும் வாங்க வேண்டும். அதே பெயரில் முழு உயரமும் வரும், ஏமாறக்கூடாது. ஆறு ஜிபி எதற்கென்றால், புது கேமராவின் கனமான படங்களைக் கார்டு தன் மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். நாலு ஜிபி கொஞ்ச நாளில் பற்றாது. இன்னொன்று முக்கியம். அந்தப் பெட்டியில் கார்டுக்கென்று தனி மின் வயர் இல்லை. இந்தக் கார்டு சொருகுகிற இடத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இதைவிடப் பெரியதைப் போட்டால் பெட்டி தாங்காது.

ஆனால் இது தடிமன். அதனால் மூடியைத் திறந்து மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். நீளமான சொருகலுக்கு எதிரே முதுகுப்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தகரப் பட்டை இருக்கிறதா? கார்டு படுக்கப் பத்தொன்பது சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா? மின்சாரப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் என்ன எண் போட்டிருக்கிறது? நீங்களே படித்து எழுதுங்கள் நைனா. எனக்கு அதைப் படிக்க வேண்டும்.

ஜெகன்


உத்திரமேரூர்
20.9.2025

அன்புள்ள ஜெகனுக்கு,

உன் கடிதத்தைப் படிக்கும்போது கல்பனா மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். 'வெட்டினது என் சம்சாரம்' என்று நான் படித்ததும் மிக்ஸி நின்றது. "சத்தத்துல கேக்கல மாமா, இன்னா எயுதிக்கிறாரு?" என்றாள். மறுபடி படித்தேன். "இப்பவும் சரியா கேக்கல" என்றாள். மிக்ஸி ஓடவே இல்லை. மூன்றாம் முறையும் படித்தேன். பிறகு சட்னி அரைத்தாள். உப்பு போடவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் தின்றேன்.

மூடியைத் திறந்தோம். உள்ளே இத்தனை நேர்த்தியா! ஒரு வயர்கூட அலையவில்லை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் மடங்கிக் கிடக்கிறது. நம் மண்டி கணக்குப்பிள்ளை மேஜையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இதை நினைத்துச் செய்தவன் எவனோ, அவன் கை நன்றாக இருக்கட்டும்.

பட்டை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கிறது. இடம் இருபது சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேலில் நானே அளந்தேன். சீட்டில் இங்கிலீஷ் நிறைய இருந்தது, அது எனக்குப் படமாகத்தான் தெரிகிறது. எண் மட்டும் படித்தேன். இருநூற்று நாற்பது.

நீ எழுதியதைக் கல்பனா வரிவரியாகப் பார்த்துவிட்டு, "நானும் இதைத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். தடிமன் எடம் புடிக்குமான்னுதான் சந்தேகம். கரெக்டா கேட்டுக்கிறாரு" என்றாள். அவள் உன்னைக் 'கரெக்ட்' என்று சொல்லி நான் கேட்டு வெகுநாள் ஆயிற்று. நானும் சொல்கிறேன், உன் வேலையில் நீ கெட்டிக்காரன்.

ஒரு நிபந்தனை போட்டாள். சும்மா அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவாளாம். கடையில் மற்றவர்களுக்கு என்ன விலையோ அதே விலை, பில்லோடு. "எனக்குத் தானம் வேணாம் மாமா, சரியான கார்டு வேணும்" என்றாள். அப்படியே செய்.

வேதகிரி


சென்னை
26.9.2025

அன்புள்ள நைனாவுக்கு,

பணம் வந்தது. நீங்கள் எழுதிய அளவும் எண்ணும் போதும். பில்லோடு கார்டைப் பார்சலில் போட்டுவிட்டேன்.

கார்டில் முழு உயரத் தகரம் மாட்டியிருக்கும். கார்டு வரும் அட்டைப்பெட்டியில் ஸ்பாஞ்சுக்குக் கீழே குட்டைத் தகரம் ஒன்று தனியாக இருக்கும். குப்பை என்று போட்டுவிடாதீர்கள். அதை மாற்றி மாட்டினால்தான் நம் பெட்டியில் நிற்கும். அவளுக்குத் தெரியும்.

கார்டின் அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை இருக்கும். அதன் மேல் கை படவே கூடாது. ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் முடிய வேண்டுமே என்று எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

ஜெகன்


உத்திரமேரூர்
6.10.2025

அன்புள்ள ஜெகனுக்கு,

போனில் நீ கேட்டது குரல் மட்டும்தான். இங்கே நடந்ததை நான் எழுதினால்தான் உனக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கார்டு வந்தது. எவ்வளவு அடக்கமான பொருள்! காஞ்சிபுரத்தில் பார்த்ததில் பாதி உயரம்கூட இல்லை. விளக்கு இல்லை, பகட்டு இல்லை. கல்பனா அன்றைக்கே மாட்டப் பார்த்தாள். நான்தான், "புதுசும்மா, பூஜை போட்டு எடுத்து வெய்யி" என்றேன். வழக்கம்தானே என்று அவளும் விட்டாள்.

பூஜையில் என் மூட்டைக் கொக்கி, அரிவாள், மிக்ஸி, கம்ப்யூட்டர், நீ விட்டுப்போன கேமரா எல்லாம் வரிசையாக வைத்தோம். அவள் சுண்டல் தாளிக்கப் போனாள். பொட்டு வைப்பது என் வேலை. கார்டுக்கு எங்கே வைப்பது? கொக்கிக்கு முனையில் வைப்போம், அரிவாளுக்கு வாயில் வைப்போம். எது வேலை செய்கிறதோ அங்கேதான் பொட்டு. இதில் பளபள என்று அந்தப் பல் வரிசைதான் கண்ணில் பட்டது. கை படக்கூடாது என்று எழுதியிருந்தாய், நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால் கை படவில்லை. ஊதுவத்திக் குச்சியால் சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு, பல் வரிசை நெடுக வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் குட்டைத் தகரத்தை மாற்றி, ஓரத்தைப் பிடித்துச் சொருகி, சுவிட்சைப் போட்டாள். திரை இருட்டு. கழற்றி மறுபடி போட்டாள். இருட்டு. கார்டை எடுத்துவிட்டால் பழையபடி படம் வருகிறது, போட்டால் போய்விடுகிறது.

"நல்ல கார்டாத்தான் அனுப்பினாரா மாமா?"

"அவன் அப்பிடிச் செய்யமாட்டாம்மா" என்றேன். அவள் மேலே வைத்திருந்த துணிப்பையை இறக்கித் தூசு தட்டினாள். செங்கல்பட்டுக்குத்தான் என்று புரிந்தது. இரண்டு புடவை மடித்து வைத்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

உன் எண்ணை அவள் எந்தப் பெயரில் வைத்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. எனக்கு இப்போது படிக்க வருமே, எட்டிப் பார்த்தேன். 'எங்க ஸ்டுடியோ' என்று இருக்கிறது.

"ஹலோ, கம்ப்யூட்டர் கடைங்களா?" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். அவள் நெற்றியில் வேர்த்தது.

"ஆமாங்க. சொல்லுங்க மேடம்."

"உங்க கடையில ஒரு கார்டு வாங்கினேன். படம் வரல."

"அடியில தங்கப் பல்லு இருக்கும் பாருங்க மேடம். அதுல எதுனா பட்டுச்சா?"

"கையே படல." சொல்லிக்கொண்டே கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன்.

"மாமா, இது இன்னா?"

"எது?"

"இந்தப் பல்லு மேல."

"சந்தனம்."

போனில் ஒரு சத்தம் வந்தது. நீ அழுகிறாய் என்று நினைத்தேன். சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. "சிரிக்காதீங்க, இங்க என் பொயப்பு போவுது" என்றாள் கல்பனா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. பேஜாராகிவிட்டது எனக்கு.

பிறகு நீ சொன்னபடி என் பென்சில் ரப்பரை வாங்கி மெல்லத் தேய்த்தாள். சொருகலுக்குள் போன தூளைப் புது பிரஷ்ஷால் ஊதி ஊதி எடுத்தாள். சுவிட்சு. ஒரு மூச்சு நேரம் இருட்டு. வந்தது ஜெகன்! "வந்திடுச்சி" என்று அவள் உன்னிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை. மேடம் என்று நீ சொல்லவில்லை, கடைங்களா என்று அவள் கேட்கவில்லை.

முன்பு நாள் முழுக்க முக்கி முக்கால் பாகத்தில் நின்ற படம், நான் சோறு தின்று கை கழுவி வருவதற்குள் முடிந்து நின்றது. பெட்டியில் சத்தம்கூட இல்லை. சின்னதாக இருந்துகொண்டு இவ்வளவு வேலை செய்கிறதே என்று தொட்டுக் கும்பிடப் போனேன். "மாமா, கைய எடுங்க" என்றாள்.

நேற்று புருஷோத்தமன் வந்து முழுசாகப் பார்த்தார். காபி ஆறிப்போனது. "நீ எங்கியும் வர வேணாம்மா. வருசத்துக்கும் வேலை இங்கியே வரும்" என்றார். துணிப்பை மேலே ஏறிவிட்டது.

வேதகிரி


சென்னை
9.10.2025

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை டேனியல் வாங்கி, வருகிற வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறான். சந்தனக் கார்டு என்றால் இப்போது இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குப் பேசியதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. போனை எடுக்கிறேன், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். அவள் வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஜெகன்


உத்திரமேரூர்
13.10.2025

அன்புள்ள ஜெகனுக்கு,

கேட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"தீவாளிக்கு வந்து பலகாரம் துன்னுட்டு ரெண்டு நாள்ல போறதுக்குன்னா வேணாம் மாமா. ஐப்பசி முகூர்த்தத்துல ஐயங்கார்குளத்துல ஒரு கல்யாணம். புருஷோத்தமன் அண்ணன் முழுசா என்னையே பாத்துக்கச் சொல்லிட்டாரு. ரெண்டு கேமரா வேணும். ஒரு ஆளு கெடைச்சிட்டாரு, இன்னொரு ஆளத் தேடிக்கினு கீறேன். அவருக்கு இஷ்டம்னா வரச் சொல்லுங்க. நான் நிக்கச் சொல்ற எடத்துல நிக்கணும். மத்த ஆளுக்கு இன்னா கூலியோ அதேதான். யாரு வெட்டினதுன்னு நாலு பேரு கேப்பாங்க. அதக் கேட்டுக்கினு நிக்க முடியும்னா வரட்டும்."

"அப்படியே எயுதிடட்டுமா?" என்றேன்.

"எயுதுங்க. எயுத்துப் பெருசா எயுதுங்க."

பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன், பார். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்காதே. இது எனக்கும் உனக்கும் நடுவில் இருக்கிற விஷயம் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்வதில் தப்பில்லை. இன்று காலையில் உன் கேமராவின் பாட்டரி சுவர் ஓரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. யார் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

நல்ல மழை. ஏரிக்குத் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கிறது. பின்பக்க ஓட்டை ஆள் வைத்துத்தான் மாற்றினேன், நான் ஏறவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுத ஆள் இல்லையாம். "உங்களுக்கு எழுத மகன் இருக்கார், அதிர்ஷ்டம்தான்" என்றார் பிரிஸ்கில்லா டீச்சர். மருமகளும் இருக்கிறாள், விஷயம் கொடுக்க என்றேன்.

அடுத்த வாரமும் நான் எழுதத்தான் போகிறேன். நீ வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுதுவேன். ஒரே வீட்டில் இருக்கிறவனுக்குக் கடிதம் போட்டால் தபாலில் கொண்டுவந்து கொடுப்பார்களா என்று தபால்காரரைக் கேட்டேன். "முகவரி சரியா இருந்தா குடுத்துதான் ஆவணும் பெரியவரே" என்றார்.

ஆகவே உறை மேல் எந்த ஊர் எழுதுவது என்பதை மட்டும் சீக்கிரம் சொல்.

இப்படிக்கு,
உன் நைனா
வேதகிரி